1,000 கெஜத்துக்கு ஒரு போல்ட் ரைஃபிள்: ஆயிரத்துச் சொச்சம் டாலரில் எது தேறும்?

1,000 கெஜம் சுட வேண்டுமென்றால் துப்பாக்கி செப்பனிடும் கன்ஸ்மித்திடம் போய் நல்ல பேரலாகப் (குண்டு ஓடும் குழாய்) பார்த்துப் போட்டு, தோளில் அணைக்கும் கட்டையைச் செதுக்கிப் பொருத்தி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது பழைய கதை. இன்று அமெரிக்காவில் ஒரு சாதாரண விளையாட்டுப் பொருள் கடையில் 500, 600 டாலருக்குக் கிடைக்கும், ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளே நல்ல மேட்ச் (போட்டித் தர) தோட்டா போட்டால் 1 எம்ஓஏவை, அதாவது 100 கெஜத்தில் ஏறத்தாழ ஒரு அங்குலச் சிதறலை, ஒட்டிச் சுடுகிறது. பேரலின் தரம் அவ்வளவு உயர்ந்துவிட்டது. அப்படியானால் 500 டாலர் ரைஃபிளுக்கும் 1,200 டாலர் ரைஃபிளுக்கும் இடையில் இருக்கும் பணம் எங்கே போகிறது? கட்டைக்கு, பேரலின் கனத்துக்கு, தோட்டாக்களை அடுக்கும் மேகசினுக்கு, போல்ட் ஓடும் வழுவழுப்புக்கு, பிறகு உதிரி மாற்றிக்கொள்ளும் வசதிக்கு. தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியதும் இவற்றைத்தான். விலை குறைந்த ரைஃபிளில் முதலில் கைவிடுவது பேரல் இல்லை, கட்டைதான்.

வாங்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். இந்தக் கட்டுரை அமெரிக்கச் சந்தையை வைத்து எழுதியது. அங்கே உரிமம் பெற்ற கடையில் ரைஃபிள் வாங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேல் இன்னும் கடுமையாக இருக்கலாம். நம்மவர்கள் பலர் கவனிக்காமல் விடுவது வேறொன்று. ஹெச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. விசாவில் இருப்பவர் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கு முன்பும் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பின்னால் குடியேற்ற விவகாரமாக வந்து நின்றால் தாங்காது.

முதலில் தோட்டா

ரைஃபிளின் பெயரைவிட அது எந்தத் தோட்டாவுக்கானது என்பதுதான் செலவையும் முடிவையும் தீர்மானிக்கும். புதிதாக வருகிறவருக்கு உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்தான்: .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர். பின்னதை ஹார்னடி நிறுவனம் 2007இல் கொண்டுவந்தது. தொலைதூர இலக்குக்கென்றே வடிவமைத்த தோட்டா அது.

6.5 கிரீட்மோரில் 140 கிரெய்ன் (எடை அளவு) குண்டு நொடிக்குச் சுமார் 2,700 அடி வேகத்தில் கிளம்புகிறது. 100 கெஜத்தில் சுழியம் வைத்திருந்தால், அதாவது குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்திருந்தால், 1,000 கெஜத்துக்கு ஸ்கோப்பில் ஏற்ற வேண்டியது எட்டரை முதல் 9 மில் (ஸ்கோப்பின் கோண அளவு). .308இல் 175 கிரெய்ன் மேட்ச் குண்டுக்கு அதே தூரத்தில் 12 மில் அளவுக்குப் போகும். ஏற்றத்தையாவது கணக்குப் போட்டு ஸ்கோப்பில் திருகிவிடலாம். காற்றை அப்படிச் செய்ய முடியாது. பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் காற்று அடித்தால் 1,000 கெஜத்தில் 6.5 கிரீட்மோர் குண்டு சுமார் 2 மில் ஒதுங்கும்; .308 சுமார் 3 மில். அந்தத் தூரத்தில் 1 மில் என்பது 36 அங்குலம். காற்றின் வேகத்தை நாம் 2 மைல் தப்பாகக் கணித்தால் 6.5 கிரீட்மோரில் ஏறத்தாழ 14 அங்குலப் பிழை, .308இல் 21 அங்குலம். இலக்காக வைத்த 20 அங்குல இரும்புத் தட்டின் நடுவைக் குறிபார்த்திருந்தால் விளிம்பு 10 அங்குலத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டுமே தப்பும்தான். ஆனால் காற்றைக் கற்றுக்கொள்ளும் காலத்தில், குறைவாக ஒதுங்கும் குண்டு அதிகமாக மன்னிக்கும்.

.308க்கும் அதற்கான நியாயம் உண்டு. பேரல் ஆயுள் 5,000 தோட்டாவைத் தாண்டும், 6.5 கிரீட்மோரில் துல்லியம் 2,000 முதல் 3,000க்குள் சரியத் தொடங்கும். பயிற்சிக்கு மலிவான தோட்டா .308இல்தான் எளிதாகக் கிடைக்கும். படுத்துக்கொண்டு தொலைதூர இலக்கைச் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியில் எஃப்-டிஆர் பிரிவில் இறங்க ஆசை இருந்தால் பேச்சே இல்லை: அந்தப் பிரிவில் .308 வின்செஸ்டரும் .223 ரெமிங்டனும் மட்டுமே அனுமதி, பைபாடும் (முன்னால் தாங்கும் இருகால்) ஸ்கோப்பும் சேர்த்து எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. 6.5 கிரீட்மோரைத் தூக்கிக்கொண்டு போனால் எஃப்-ஓப்பன் பிரிவில், பல ஆயிரம் டாலர் துப்பாக்கிகளோடு மோத வேண்டிவரும். இரும்புத் தட்டுகளைச் சுடும் பிஆர்எஸ் வகைப் போட்டி, அல்லது போட்டியே வேண்டாம், ரேஞ்சில் ஆசைக்குச் சுட்டால் போதும் என்பவருக்கு 6.5 கிரீட்மோரே சரி. கீழே வரும் ஒப்பீடு அதை வைத்துத்தான்.

"அரை எம்ஓஏ சுடுது" என்பதன் விலை

1 எம்ஓஏ என்பது 100 கெஜத்தில் 1.047 அங்குலம். விளம்பரத்திலும் பேச்சிலும் வரும் "ஒரு அங்குலக் குழு" (ஒரே இடத்தைக் குறிபார்த்துச் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்) பெரும்பாலும் மூன்று குண்டுகளின் கணக்கு. அதே ரைஃபிள், அதே தோட்டா, அதே கை. பத்துக் குண்டு சுட்டால் குழுவின் சராசரி அகலம் மூன்று குண்டுக் குழுவைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு ஆகும். ரைஃபிள் கெட்டுப்போனதால் அல்ல, புள்ளியியலின் இயல்பே அது. ஐந்து குண்டுக்கு இது சுமார் 1.3 மடங்கு. ஆகவே ஒருவர் மூன்று குண்டில் 0.7 அங்குலம் காட்டினால், அது பத்துக் குண்டில் சுமார் 1.1 அங்குல ரைஃபிள் என்று மனதில் மாற்றிக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும். பத்துக் குண்டில் 1 எம்ஓஏ நிற்கும் கடைச் சரக்கு கிடைத்தால் அது உண்மையிலேயே நல்ல ரைஃபிள்; தைரியமாக வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து ரைஃபிள்கள்

விலைகள் கடைக்குக் கடை மாறும். இங்கே சொல்வதெல்லாம் நெருக்கமான கணக்கு.

ருகர் அமெரிக்கன் பிரிடேட்டர்தான் இந்தப் பட்டியலில் மலிவு, 500 முதல் 600 டாலர். 6.5 கிரீட்மோரில் 22 அங்குல பேரல், முனையில் மரை வெட்டியது, ஆறரைப் பவுண்டை ஒட்டிய எடை. மூன்று லக் (பூட்டும் பல்) உள்ள போல்ட் என்பதால் கைப்பிடியை 70 பாகை தூக்கினால் போதும். ஸ்கோப்பில் விரல் இடிக்காது. ட்ரிகரை 3 முதல் 5 பவுண்டு வரை நாமே மாற்றிக்கொள்ளலாம். இந்த விலைக்கு அது சுடும் துல்லியம் ஆச்சரியமானது. பலவீனம் கட்டையில். பைபாடை மாட்டி முன்னால் அழுத்திப் படுத்தால் பிளாஸ்டிக் முன்கட்டை வளையும். வளைந்து பேரலைத் தொட்டால் குண்டு விழும் இடம் நகரும். ஒருநாள் நன்றாகச் சுடுகிறது, மறுநாள் தாறுமாறாகப் போகிறது என்று இதன்மேல் வரும் புகார்களில் பாதிக்கு இதுதான் காரணமாக இருக்கும். இரண்டாவது, பேரல் மெலிது. நிறுத்தாமல் ஐந்தாறு சுட்டதுமே சூடேறிக் குழு விரியும். மான் வேட்டைக்கு இது பிரச்சினையே இல்லை, ஏனென்றால் அங்கே சுடுவது ஒன்றோ இரண்டோ. இலக்குச் சுடுவோருக்கு ஒரு சுற்றுக்கே பத்துக் குண்டு வேண்டும்.

இதற்கு மாக்புல் ஹன்டர் போன்ற நல்ல கட்டை ஒன்றைச் சுமார் 300 டாலருக்கு வாங்கி மாட்டினால் முதல் குறை தீரும். ஆனால் அப்போது மொத்தச் செலவு 900ஐத் தொடுகிறது, பேரல் இன்னும் மெலிதாகவே இருக்கிறது. அந்தப் பணத்தில் வேறு வாங்கியிருக்கலாமே என்ற கேள்வி வரும். 600 கெஜம் வரைக்கும் போதும், கையில் இருப்பது இவ்வளவுதான் என்றால் பிரிடேட்டரைத் தயங்காமல் வாங்கலாம். அதைத் தாண்டும் எண்ணம் இருந்தால் இரண்டு மாதம் பொறுத்து, மேலே போவது மேல்.

சாவேஜ் ஆக்ஸிஸ் 2 பிரிசிஷன் அந்த இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறது. 22 அங்குலக் கன பேரல், எம்டிடி நிறுவனத்தின் அலுமினிய சேசிஸ் (கட்டைக்குப் பதிலான உலோகச் சட்டம்), பல ரைஃபிள்களுக்குப் பொதுவான ஏஐசிஎஸ் வகை மேகசின், எல்லாம் 1,000 டாலருக்குள். கடையில் வாங்கி நேரே ரேஞ்சுக்குப் போகலாம் என்ற வகையில் இந்த விலைக்கு இதற்கு ஈடு குறைவு. குறை, ஆக்ஸிஸ் ஆக்‌ஷன் (போல்ட் ஓடும் உடல்பகுதி) சாவேஜின் மலிவு வரிசையைச் சேர்ந்தது. 1958இல் வந்த புகழ்பெற்ற 110 ஆக்‌ஷனின் கட்டைகள் இதில் பொருந்தாது. போல்ட்டைத் தூக்கும்போது ஒரு பிடிவாதம் தெரியும். வேகமாகச் சுட வேண்டிய போட்டியில் அதற்காக ரைஃபிளே இலக்கைவிட்டு அசையும். பொறுமையாகப் படுத்துச் சுடுகிறவருக்கு அது பெரிதாக உறுத்தாது.

சாவேஜைப் பார்ப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: பேரலை இறுக்கிப் பிடிக்கும் பேரல் நட். தேய்ந்த பேரலைக் கழற்றிப் புதிதை மாட்ட மற்றவற்றில் பெரும்பாலும் கன்ஸ்மித் வேண்டும். இதில் நட் ரெஞ்ச், ஆக்‌ஷனைப் பிடிக்கும் வைஸ், தோட்டா உட்காரும் இடைவெளியான ஹெட்ஸ்பேஸை அளக்கும் கோ, நோ-கோ கேஜ் இரண்டும் இருந்தால் பழகிய கை வீட்டிலேயே முடித்துவிடும். கோ கேஜில் போல்ட் மூட வேண்டும், நோ-கோவில் மூடவே கூடாது. அதில் சமரசம் செய்துகொண்டால் ஆபத்து முகத்துக்கு நேரே. வருடத்துக்கு 1,500 தோட்டா சுடும் ஆள் இரண்டு வருடத்தில் ஒரு பேரலைத் தேய்த்துவிடுவார். அவருக்கு இந்த வசதி பெரிய பணம்.

ஹோவா 1500 ஜப்பான் தயாரிப்பு. இதே ஆக்‌ஷன்தான் வெதர்பி வான்கார்டாகவும் விற்கிறது. ஆக்‌ஷனின் அடிப்பாகம் தட்டை, பின்னுதைப்பைக் கட்டைக்குக் கடத்தும் ரீகாயில் லக் ஆக்‌ஷனோடு ஒரே துண்டாக வருகிறது, போல்ட்டும் ஒரே துண்டு. கட்டைக்குள் ஆடாமல் உட்காருவதற்கு இவ்வளவு நல்ல அடித்தளம் இந்த விலையில் அரிது. ட்ரிகர் இரண்டு கட்டம்: முதலில் லேசாக நகர்ந்து ஒரு சுவரில் நிற்கும், பிறகு சுத்தமாக விடும். இதன் இன்னொரு சிறப்பு, கட்டையே இல்லாமல் பேரலும் ஆக்‌ஷனும் மட்டுமாகக் கிடைப்பது. அதைச் சுமார் 500, 600 டாலருக்கு வாங்கி, 400, 500க்கு ஒரு சேசிஸ் சேர்த்தால், பிடிக்காத தொழிற்சாலைக் கட்டைக்கு ஒரு காசுகூடக் கொடுக்காமல் கன பேரல் ரைஃபிள் ஒன்று கையில். பேரல் தேய்ந்த பிறகு மாற்றுப் பேரல் தேடுவதில் மட்டும் சாவேஜ் அளவுக்குத் தாராளம் கிடையாது.

டிக்கா டி3எக்ஸ் சிடிஆர், பின்லாந்தின் ரீஹிமாக்கியில் சாக்கோ ஆலையில் தயாராவது. 1,100, 1,200 டாலர் வரும். இதன் போல்ட்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்தவருக்கு மற்றவை கரகரப்பாகத்தான் தோன்றும். ட்ரிகர் 2 முதல் 4 பவுண்டு வரை இறங்கும், இழுப்பு எதுவும் இல்லாமல் விடும். மாற்றத் தேவையே இருக்காது. மூன்று குண்டில் 1 எம்ஓஏ என்று ஆலையே உறுதி தருகிறது, நடைமுறையில் அதைவிட நன்றாகவே சுடும். கட்டை பிளாஸ்டிக்தான், ஆனால் ருகரின் அளவுக்கு வளையாது. மேகசின் டிக்காவுக்கென்றே தனி. ஒன்று 100 டாலரை ஒட்டி வரும், இரண்டாவது வாங்கும்போது கை கடிக்கும். திருகாணி, ரெஞ்ச் என்று எதையும் தொட விரும்பாதவர், வாங்கியதை வாங்கியபடியே பல வருடம் சுட நினைப்பவர், இதை எடுத்துக்கொண்டு பேச்சை முடிக்கலாம்.

பெர்காரா பி-14 ஹெச்எம்ஆர் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலிருந்து வருவது. விலை டிக்காவுக்குப் பக்கத்தில். கட்டைக்குள்ளேயே ஒரு அலுமினியச் சட்டம் பதித்திருப்பதால் ஆக்‌ஷன் உலோகத்தின் மேல் உலோகமாக உட்காருகிறது. கன்னம் வைக்கும் உயரமும் கட்டையின் நீளமும் மாற்றிக்கொள்ளலாம். ஒன்பது பவுண்டுக்கு மேல் எடை. இலக்குச் சுடுவோருக்கு அது குறையல்ல, சுடும்போது ஸ்கோப்பில் தட்டு கண்ணைவிட்டு ஓடாமல் இருப்பதற்கு அந்த எடைதான் உதவுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், இதன் அளவுகள் ரெமிங்டன் 700ஐப் பின்பற்றியவை. 1962 முதல் அமெரிக்காவில் புழங்கும் அந்த அளவுக்குத்தான் சேசிஸ், ட்ரிகர் வகைகள் அதிகம் சந்தையில் கிடைக்கின்றன. மேகசினும் பொதுவான ஏஐசிஎஸ் வகை.

டிக்காவா பெர்காராவா என்று வந்து நின்றால், தொலைதூர இலக்குக்கு மட்டும் என்று வாங்குகிறவர் பெர்காராவை எடுப்பது எங்கள் பரிந்துரை. கட்டை, எடை, மேகசின் மூன்றும் முதல் நாளிலிருந்தே இந்த வேலைக்கானவை. வருடத்தில் நாலு நாள் வேட்டைக்கும் தோளில் போட்டு நடக்க வேண்டுமென்றால் டிக்கா.

மொத்தப் பணத்தை எப்படிப் பிரிப்பது

ரைஃபிளுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு 150 டாலர் ஸ்கோப்போடு வந்து நிற்பதுதான் ரேஞ்சில் அடிக்கடி காணும் தவறு. ஒரு நடுத்தரக் கணக்கு: ரைஃபிள் 1,100, ஸ்கோப் 650, அதை மாட்டும் ரெயிலும் ரிங்கும் 140, பைபாட் 130, கட்டையின் பின்பகுதிக்கு அடியில் வைக்கும் பை 40, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவர் 60, சாய்வைக் காட்டும் குமிழ் மட்டம் 30, மேட்ச் தோட்டா 200க்குச் சுமார் 400. ஆக 2,550 டாலர். பட்ஜெட் 2,000தான் என்றால் குறைக்க வேண்டியது ரைஃபிளில், ஸ்கோப்பிலும் தோட்டாவிலும் அல்ல.

ஸ்கோப்பில் உருப்பெருக்கம் 25 எல்லாம் அவசியமில்லை. 15, 18 மடங்கு போதும். ரெட்டிகிளும் (உள்ளே தெரியும் குறிக்கோடு) டரட்டும் (ஏற்றத்தைத் திருகும் குமிழ்) ஒரே அளவில், இரண்டுமே மில்லாக இருக்க வேண்டும். உள்ளே எவ்வளவு ஏற்றம் இருக்கிறது என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மொத்தம் 18 மில் ஏற்ற இறக்கம் உள்ள ஸ்கோப்பைத் தட்டையான ரெயிலில் மாட்டினால், மேலே ஏற பாதிதான், அதாவது 9 மில் கிடைக்கும். 1,000 கெஜத்துக்குத் தேவையும் கிட்டத்தட்ட 9. விளிம்பில் போய் நிற்கும். 20 எம்ஓஏ சரிவுள்ள ரெயில் போட்டால் இன்னும் 5.8 மில் சேர்ந்து, 14.8 ஆகிறது. ரெயில் வாங்கும்போது இந்தச் சரிவைக் கேட்டு வாங்குங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

குமிழ் மட்டம் அற்பமாகத் தெரியும். 1,000 கெஜத்தில் குண்டு சுமார் 310 அங்குலம் இறங்குகிறது. ரைஃபிள் 3 பாகை சாய்ந்திருந்தால் அந்த இறக்கத்தில் 16 அங்குலம் பக்கவாட்டாகப் போய்விடும். சுடுகிறவர் காற்றைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார். சரிவான நிலத்தில் படுத்துக்கொண்டு 3 பாகைச் சாய்வைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம்.

மாட்டுவதும் சோதிப்பதும்

வீட்டுக்கு வந்ததும், தோட்டா எதுவும் அறையிலேயே இல்லாதபடி வைத்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகே மற்றது. ஒரு டாலர் நோட்டை மடித்துப் பேரலுக்கும் முன்கட்டைக்கும் இடையில் நுழைத்து, ஆக்‌ஷன் வரை இழுங்கள். எங்காவது சிக்கினால் கட்டை தொடுகிறது. பிறகு பைபாடை மாட்டி, சுடும்போது போலவே முன்னால் அழுத்திக்கொண்டு இன்னொருவரை விட்டு நோட்டை இழுக்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது தாராளமாக ஓடிய நோட்டு இப்போது சிக்கினால், ரேஞ்சில் குழு விரிவதற்கான காரணம் வீட்டிலேயே கிடைத்துவிட்டது.

ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களை உற்பத்தியாளரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும்; பிளாஸ்டிக் கட்டைக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் அது வேறு வேறு. ரிங்கின் மேல்மூடி ஸ்க்ரூக்களுக்குப் பொதுவாக 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு. "கொஞ்சம் கெட்டியாவே இருக்கட்டும்" என்று மேலே போனால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கி, டரட் உள்ளே சிக்கும். ரெயிலை ஆக்‌ஷனோடு பிடிக்கும் ஸ்க்ரூக்களுக்கு நீல நிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. ரிங் மூடிக்கு வேண்டாம்.

சுழியம் வைத்த பிறகு, 1,000 கெஜத்துக்கு ஓடுவதற்கு முன் ஒரு சோதனை. நாடாவால் சரியாக 100 கெஜம் அளந்த இடத்தில் நாலடி உயர அட்டை ஒன்றை நிறுத்துங்கள். தூக்குக்குண்டு கட்டி அதில் நேர்க்கோடு ஒன்று கிழித்து, கோட்டின் அடியில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியையே குறிபார்த்து மூன்று குண்டு. பிறகு டரட்டில் 10 மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறிபார்த்து மூன்று குண்டு. இரண்டு குழுக்களின் நடுவுக்கு இடையில் 36 அங்குலம் இருக்க வேண்டும். 35தான் வந்தால் ஸ்கோப் சுமார் 3 சதவீதம் குறைத்துத் திரும்புகிறது. 1,000 கெஜத்தில் அது 9 அங்குலம் கீழே, தட்டின் அடி விளிம்பில் போய் நிற்கும். சில கணிப்புச் செயலிகளில் இந்தத் திருத்தத்தைப் போட்டுவிடலாம். மேல் குழு கோட்டைவிட்டு ஒரு பக்கமாக விலகியிருந்தால், ஸ்கோப் ரிங்கில் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். தளர்த்தி நிமிர்த்தி மறுபடி 15 இஞ்ச்-பவுண்டிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.